வானத்துக் கல்லும் வையத்து விலையும்

சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பிலே யாம் புறநானூற்றுப் பாடலொன்றை விளக்கிக்கொண்டிருந்தோம். வானினின்று மீனொன்று எரிந்து வீழக் கண்டு, மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஏதம் வருமோவென அஞ்சிய கூடலூர் கிழார், ஏழாம் நாள் அம்மன்னன் இறந்தமை கேட்டுப் பாடிய பாட்டு அது. மறுவாரம் அவ்வகுப்பு மாணவன் ஒருவன் கைக்குட்டையில் முடிந்த பொருளொன்றுடன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். முடிச்சை அவிழ்த்துக் காட்டினான். கோழிமுட்டையளவான கறுத்த கல்லொன்று; கையில் எடுத்தபோது அளவுக்கு மிஞ்சிய பாரம். வீட்டுத் தோட்டத்தைக் கொத்துகையில் அகப்பட்டதாம். காந்தத்தை அருகே கொண்டுசென்றபோது கல் அசைந்ததாம். விண்கல்லாயின் ஒரு கிராம் பொன்னினும் விலை கூடியது என்று யாரோ சொல்லிவிட்டனர். தாயின் சங்கிலி அடைவில் இருக்கின்றது. இதனை விற்று அதை மீட்கலாமோ, வாங்குவார் எங்கேயுளர் என்பதே அவன் வினா.

யாம் தமிழாசிரியர், கல்லின் விலை அறிந்தோம் அல்லோம். ஆயினும் வீழ்ந்த மீனைப் பற்றிப் பேச்செடுத்தவர் யாமே ஆதலின், அவனைத் தட்டிக்கழிக்க மனம் வந்திலது. அன்று தொட்டு இப்பொருள்பற்றிக் கிடைத்தனவற்றைத் தேடிப் படித்தோம். யூபிலி மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது வேறு விடயம் எதுவும் எம் நெஞ்சில் எழவில்லை. அம்மாணவனின் கல் என்னவாயிற்று என்பதைக் கடைசியிற் கூறுவோம்.

இரவில் ஒளிக்கோடு கிழித்து மறையும் எரிமீன்களுட் பெரும்பாலன மணலளவான துகள்களே. அவை வளிமண்டலத்திலேயே எரிந்தொழியும். பெரிய பாறையொன்று செக்கனுக்குப் பதினொரு கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தோடு புகுமாயின், அதன் மேற்புறம் உருகி வழியும். உடல் பலவாக உடையும். எஞ்சிய துண்டுகளே நிலத்தை அடையும். ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் உயரத்தில் வேகம் தளர்ந்து ஒளி அவிந்துவிடுகின்றது. அதன்பின் அத்துண்டு நாம் மாங்காய்க்கு எறிந்த கல்லைப் போன்றே இருளில் வீழ்கின்றது. ஆகவே, வீழ்ந்த விண்கல் தணல்போற் கனன்றுகொண்டிருக்கும் என்பது கதை. அதன் உள்ளே விண்வெளியின் குளிர். வெளியே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடைய கரிய உருகுதோல். அத்தோல் துரும்பிடியாது கறுத்திருத்தலே புதிய கல்லுக்கு முதல் அடையாளம்.

சந்தையில் மீன் வாங்குவோர் செவுளைத் திறந்து புதுமை பார்ப்பர். ஏறத்தாழ 456 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்லுக்கு ஒருநாட் பழமை என்ன கேடு செய்யும் என்று கேட்கத் தோன்றும். யாமும் அவ்வாறே எண்ணினோம். உண்மை வேறு. விண்வெளியிலே நீரும் காற்றுமின்றிக் கிடந்த கல், முதல் மழையிலேயே மாறத் தொடங்குகின்றது. அதிலுள்ள இரும்புத் துணுக்குகள் துருவேறும். நீரிற் கரையும் உப்புக்கள் போய்விடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உட்புகும். சிறப்பாகக் காபன் மிகுந்த கற்களுக்கு இக்கேடு மிகப் பெரிது. 1969ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆம் நாள் ஒஸ்திரேலியாவிலே மேர்ச்சிசன் என்னும் ஊரில் நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட அத்தகைய கற்கள் வீழ்ந்தன. சந்திரனிலிருந்து வந்த கற்களுக்காக ஆயத்தஞ்செய்த ஆய்வுகூடங்கள் அவ்வேளை தயாராக இருந்தமை பெரும்பேறு. எழுபதுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் அக்கல்லிற் காணப்பட்டன. உயிர்ப்பொருளுக்கு அடிப்படையான இவ்வமிலங்கள் வானத்தில் உண்டானவையா, தொட்டவரின் விரலிலிருந்து ஒட்டியவையா என்று துணிதற்குக் கல் எவ்வளவு விரைவாகவும் தூய்மையாகவும் எடுக்கப்பட்டது என்பதே சான்று. கனடாவில் 2000ஆம் ஆண்டு சனவரியில் தாகிசு ஏரியின் உறைபனிமேல் கற்கள் வீழ்ந்தன. அவ்வயலில் வாழ்ந்த ஒருவர் அவற்றைக் கையாற் றொடாது தூய பைகளில் எடுத்து, உறைந்த நிலையிலேயே பாதுகாத்தார். அறிஞர் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கின்றனர்.

இனி வாணிகத்தைப் பார்ப்போம். இது புதியதொன்றன்று. 1795ஆம் ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்தின் யோர்க்சயரில், வோல்ட் கொற்றேச் என்னும் இடத்து வயலொன்றில் இருபத்தைந்து கிலோகிராம் நிறையுள்ள கல் வீழ்ந்தது. நிலத்துக்குரியவரான எட்வேட் ரொப்பம் அதனை இலண்டனுக்குக் கொண்டுசென்று, ஒரு சிலிங் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார். பின்னர் இயற்கை அறிஞர் யேம்சு சோவர்பி பத்துக் கினிக்கு அதனை வாங்கினார். இன்று அது இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உளது. வானிலிருந்து கல் விழும் என்பதையே கற்றோர் நம்பாத காலம் அது. காட்சிக்காகக் காசு வாங்கப்பட்டமையாற்றான் அக்கல் பலர் கண்ணிற் பட்டு, வேதியியலார் கைக்கும் எட்டியது. அதே 1795ஆம் ஆண்டில் நமது முல்லைத்தீவிலும் ஒரு கல் வீழ்ந்தது. உலக விண்கற் பட்டியலில் முல்லைத்தீவு என்னும் பெயர் இன்றும் இருப்பதைக் கண்டபோது எமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்! ஆயின் அதற்குச் சிலிங் கொடுத்துக் காணவந்தார் எவருமிலர்.

இவ்வாணிகத்தை ஒரு தொழிலாக்கியவர் எம்மைப் போல ஓர் ஆசிரியர் என்பது நண்பர்க்கு வியப்பளிக்கலாம். ஆவி நினிங்கர் என்பார் அமெரிக்காவிலே கன்சாசு மாநிலத்துக் கல்லூரியொன்றில் உயிரியல் கற்பித்தவர். 1923ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு பெரும் எரிகோளமொன்றைக் கண்டார். அதன் கல்லைத் தேடத் தொடங்கியவர் பின்பு வேலையையே விட்டார். அவருடைய முறை எளியது. ஊர்ஊராகச் சென்று பள்ளிக்கூடங்களிற் பேசுவார். விண்கல் எப்படியிருக்கும் என்று உழவருக்குக் காட்டுவார். கொண்டுவந்தால் இறாத்தலுக்கு ஒரு டொலர் தருவதாக வாக்களிப்பார். கதவு பிடிக்கும் கல்லாகவும் வேலிக்கம்பியை அமர்த்தும் பாரமாகவும் கிடந்தவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. செலவுக்காக அவர் கற்களை அறுத்து விற்றமையைப் பல்கலைக்கழகத்தார் சிலர் இழிவாகப் பேசினர். ஆனால் 1958இல் அவர் திரட்டின் ஒரு பகுதியைப் பிரித்தானிய நூதனசாலை 140,000 டொலர் கொடுத்து வாங்கியது. ஆசிரியத் தொழிலை விட்டுக் கல் பொறுக்கப் போனவரை அவர் மனைவியார் என்ன சொல்லியிருப்பார் என்று எம் இல்லத்தார் கேட்டார். அதற்கு விடை எமக்குக் கிடைத்திலது.

இக்காலத்து வேட்டை கடுகிய வேட்டை. எரிகோளம் தோன்றிய சில மணி நேரத்துள் வானை நோக்கியிருக்கும் கமராக்களின் படங்களை ஒப்பிட்டு வழி கணிக்கின்றனர். மழையை அளக்க அமைத்த வானிலை ராடரில் வீழும் கற்களும் புலப்படுவதுண்டு. உடைந்த துண்டுகள் நீள்வட்டமான நிலப்பரப்பில் சிதறும். சிறியவை முன்னே வீழ, பாரமானவை அப்பாற் செல்லும். இதனை அறிந்த வேட்டைக்காரர் விமானமேறி வந்து, விடுதியில் அறை எடுத்து, வீடுவீடாகக் கதவைத் தட்டுகின்றனர். உருசியாவின் செலியாபின்சு நகருக்கு மேல் 2013ஆம் ஆண்டு பெப்புருவரி 15ஆம் நாள் பாறை வெடித்தபோது கண்ணாடிகள் சிதறி ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். அயற்கிராமத்தாரோ பனியிலிருந்த சிறு துளைகளைத் தோண்டிக் கற்களை எடுத்து விற்கத் தொடங்கினர். துளை கண்ட இடத்தில் தோண்டினாற் போதும். பனி எவ்வளவு நல்ல கணக்கப்பிள்ளை!

வேட்டைக்காரர் பலர் கைத்தடியின் நுனியிற் காந்தம் கட்டிக்கொண்டு திரிவர். மாணவன் செய்த சோதனையும் அதுவே. இதில் ஒரு தீங்கு உண்டென்பதைப் பலர் அறியார். கல் பிறந்த காலத்துக் காந்தப் புலத்தின் சுவடு அதனுள் உறைந்திருக்கும். வலிய காந்தத்தை ஒருமுறை ஒட்டினால் அச்சுவடு அழிந்து, ஒட்டியவரின் காந்தத்தையே கல் நினைவிற்கொள்ளும். கோடிக்கணக்கான ஆண்டு காத்த ஏட்டை ஒரு கணத்தில் அழித்தெழுதுவதற்கு இது ஒப்பாகும்.

மழையும் விலையும் ஒருங்கே ஓடிய கதை கலிபோர்ணியாவிலே 2012ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஏப்பிரில் 22ஆம் நாட் காலை, சற்றர் மில் என்னும் இடத்தருகே காபன் மிகுந்த அருங்கற்கள் வீழ்ந்தன. 1848இல் பொன் கண்டெடுக்கப்பட்டு உலகெங்கணுமிருந்து மக்களை இழுத்த அதே இடம்! ஓரிரு நாட்களில் மழை வருமென வானிலை அறிக்கை கூறியது. வாணிகரும் அறிஞரும் ஊராரும் ஒரே புல்வெளியிற் குனிந்து திரிந்தனர். பீற்றர் யெனிசுகென்சு என்னும் வானியலார், மோட்டர் வண்டிகள் நிற்குமிடத்திலே சக்கரத்தின்கீழ் நொறுங்கிக் கிடந்த துண்டைக் கண்டெடுத்தார். மழைக்கு முன் கிடைத்தவை மிகச் சிலவே. எல்லாம் சேர்ந்தும் ஒரு கிலோகிராம் நிறையவில்லை. பின்னர் ஆகாயக் கப்பலொன்றில் ஏறியும் தேடினர். கிராமுக்கு 1,000 டொலர்வரை விலை பேசப்பட்டது. அக்காலப் பொன்விலையின் ஏறத்தாழ இருபது மடங்கு. மழை நனையாத கல்லென்றால் வாணிகர்க்குத் தனி மதிப்பு, அறிஞர்க்கும் அஃதே. இருசாராரும் ஒன்றையே வேண்டுகின்றனர் என்பதே இங்குள்ள நட்பும் பகையும்.

விலை எதனால் அமைகின்றது? முதலாவது இனம். வீழ்வனவற்றுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை பொதுக்கற்கள். அவை பாலைநிலத்தில் நெடுங்காலம் கிடந்து துருவேறினவாயின் கிராமுக்கு ஒரு டொலருக்கும் குறைவாகக் கிடைக்கும். சந்திரனிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் பெயர்ந்து வந்தவை மிக அரியன. அவற்றின் விலை பல நூறு மடங்கு. அடுத்தது, வீழக் கண்டதா, பின்னர் கண்டெடுத்ததா என்பது. தோல் முழுமையாக உளதா, உடைந்ததா என்பதும் பார்ப்பர். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விந்தை: கல் எதன்மேல் வீழ்ந்தது என்பதற்கும் விலையுண்டு. 1992ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் நாள், நியூ யோர்க்கு மாநிலத்துப் பீக்சுகில் என்னும் ஊரில் நின்ற பழைய மோட்டர் வண்டியின் பின்புறத்தைப் பன்னிரண்டரைக் கிலோகிராம் அளவான கல் துளைத்தது. சில நூறு டொலர் பெறுமதியான அவ்வண்டி பன்மடங்கு விலைக்குப் போய், நூதனசாலைகளுக்குப் பவனி சென்றது. கொசுத்தா ரிக்காவிலே 2019ஆம் ஆண்டு ஏப்பிரிலில் நாய்க்கூடொன்றின் தகரக் கூரையைக் கல் துளைத்தது. அக்கூடு 2022இல் கிறிசுற்றீசு ஏலத்தில் 44,100 டொலருக்கு விலைபோயிற்று. நாய்க்குக் காயமில்லை; பங்கும் இல்லை.

முதல் வாரத்து விலை நிலைப்பதில்லை. மேலும் கற்கள் கிடைக்கக் கிடைக்க விலை இறங்கும். ஆகவே கண்டவர் உடனே விற்க விரும்புவர்; பொய்க்கற்களும் அவ்வேளையிலேயே சந்தைக்கு வரும். மெய்க்கல் எது என்று துணிபவர் யார்? இங்கேதான் வாணிகன் அறிஞனை நாடவேண்டியவனாகின்றான். பன்னாட்டு விண்கற் கழகம் ஏற்றுப் பெயரிட்டாலன்றிக் கல்லுக்கு உயர்விலை இல்லை. பெயர் பெறவேண்டின் இருபது கிராம், அல்லது மொத்த நிறையில் நூற்றுக்கு இருபது பங்கு, இவ்விரண்டிற் குறைந்ததை ஆய்வு நிலையத்துக்கு ஒப்படைத்தல் வேண்டும். இவ்வொரு விதியே வாணிகத்தின் வயலிலிருந்து கல்விக்கு வாய்க்கால் வெட்டியிருக்கின்றது. ஆயினும் இருபது கிராம் எவ்வளவு? உள்ளங்கையில் ஒரு நெல்லிக்காய். மிகுதி, பணமுடையார் வீட்டுக் கண்ணாடிப் பேழைக்குட் போய்ப் பூட்டப்படுகின்றது.

கல் யாருக்குரியது என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடும். 1890இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அறுபத்தாறு இறாத்தற் கல் வீழ்ந்தது. குத்தகைக்காரர் இசைவோடு ஒருவர் தோண்டியெடுத்து 105 டொலருக்கு விற்றார். நிலவுடைமையாளர் வழக்குத் தொடர்ந்தார். மண்ணிற் புதைந்தது மண்ணின் பகுதியே ஆதலின் நிலத்தவருக்கே உரியது என 1892இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்த்தது. டென்மார்க்கிலோ கண்டெடுத்தவர் அரசிடம் ஒப்படைத்து வெகுமதி பெறுவர். எமக்கு இரண்டாவது வழியே நன்றெனத் தோன்றுகின்றது: கல் பொதுவுடைமையாகின்றது, கண்டவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

சட்டம் தெளிவில்லாத இடத்தில் என்ன நேர்கின்றது என்பதை மொரோக்கோ காட்டும். 2011ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள் இரவு தீசிந்து என்னும் ஊர்ப்புறத்தே எரிகோளம் தோன்றியது. மழையற்ற அப்பாலையில் நாடோடி மக்கள் தேடித்தேடி ஒக்டோபரிற் கல்லைக் கண்டனர். செவ்வாய்க் கல்! வீழக்கண்ட செவ்வாய்க் கற்கள் அதற்குமுன் நான்கே. அவற்றுளொன்று 1865இல் இந்தியாவின் பீகாரிலுள்ள செர்கொட்டியில் வீழ்ந்தது. தீசிந்துக் கற்களோ வாணிகர் கைமாறி, பொன்விலையைப் பன்மடங்கு விஞ்சி, பல நாட்டுக்கும் சென்றன. 1.1 கிலோகிராம் துண்டை இலண்டன் நூதனசாலை கொடையாளர் உதவியோடு வாங்கியது. நைசரில் 2023இல் கண்டெடுத்த 24.67 கிலோகிராம் செவ்வாய்க் கல் 2025 யூலையில் நியூ யோர்க்கில் 53 இலட்சம் டொலருக்கு ஏலம்போனபோது, அது எவ்வாறு நாட்டைவிட்டுப் போயிற்று என நைசர் அரசு விசாரணை தொடங்கிற்று.

இதனைப் படித்தபோது யாம் முதலில் வாணிகரை வைதோம். நூலறிவை விலைகூறும் செயலாகவே அது எமக்குத் தோன்றியது. பின் அந்நாடோடிகளை நினைத்தோம். வெயிலில் மாதக்கணக்காகக் குனிந்து நடக்க அவர்களைத் தூண்டியது யாது? விலையே. விலையில்லையேல் தீசிந்துக் கல் இன்றும் மணலிற் கிடந்து வெடித்துக்கொண்டிருக்கும். எந்த ஆய்வுகூடமும் அத்தனை கண்களைக் கூலிக்கு அமர்த்தியிராது. வயிற்றுக்காகத் தேடுபவனை வைவதற்கு மாதச் சம்பளம் வாங்கும் எமக்கு உரிமை குறைவு.

விலைபேசாது கொடுத்தாரும் உளர். 2021ஆம் ஆண்டு பெப்புருவரி 28ஆம் நாள் இரவு இங்கிலாந்தின் வின்சுகொம் என்னும் சிற்றூரில், வீடொன்றின் வாயிற்பாதையிற் கல் வீழ்ந்து சிதறியது. மறுநாட் காலை வீட்டார் கண்டது கரித்தூள் கொட்டியது போன்ற குவியல். அவர்கள் கையுறையிட்டு அள்ளிப் பைகளிற் கட்டினர். இங்கிலாந்திலே முப்பது ஆண்டுகளிற் கிடைத்த முதல் விண்கல். அதுவும் காபன் மிகுந்தது. விற்றிருப்பின் பெருந்தொகை வந்திருக்கும். அவர்களோ நூதனசாலைக்கு அன்பளிப்பாக ஈந்தனர். மழை படாத அக்கல்லினுள் இருந்த நீர் நம் பூமியின் கடல்நீரை ஒத்த அமைப்புடையது என அறிஞர் 2022இல் வெளியிட்டனர். குழிவிழுந்த வாயிற்பாதைத் துண்டையும் பெயர்த்தெடுத்து நூதனசாலையிற் சேர்த்தனர்.

இனி நம் மாணவனின் கல். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். கறுத்த பாரமான கல் இங்கே இயல்பாகக் கிடைப்பதன்று. ஆகவே அவனுடைய ஐயம் அறிவுடைய ஐயமே. அதனோடு, 2012 டிசெம்பரில் பொலன்னறுவைப் பகுதியில் வீழ்ந்தனவாகச் சொல்லப்பட்ட கற்களில் விண்ணுயிர்ச் சுவடு உண்டெனச் சந்திரா விக்கிரமசிங்க முதலியோர் வெளியிட்டதும், அவை இம்மண்ணின் கற்களே என வேறு அறிஞர் மறுத்ததும் எம் நினைவில் இருந்தன. விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டுசென்றோம். அவர் பீங்கான் ஓட்டின் மெருகற்ற அடிப்புறத்திற் கல்லைத் தேய்த்தார். கரிய கோடு படிந்தது. விண்கல் பெரும்பாலும் கோடு விடாது என்றார். பின் ஒரு மூலையை அரத்தால் அராவி உருப்பெருக்கியின்கீழ் வைத்தார். தோசையின் முகம்போல எங்கும் சிறுசிறு துளைகள். காற்றுக்குமிழி வீழ்ந்த கல் விண்கல் ஆவது அரிது. இது இரும்பை உருக்கும்போது கழியும் கிட்டம் என்று முடிவாகச் சொன்னார்.

மாணவன் ஒன்றும் பேசாது கல்லை மீண்டும் கைக்குட்டையில் முடிந்தான். மூன்றாம் நாள் வந்து, அவர்கள் தோட்டத்தின் வடகோடியிலே முன்னொரு காலத்தில் கொல்லன் பட்டடை இருந்ததென்று தன் பாட்டி சொன்னதாகத் தெரிவித்தான். பாட்டியின் தந்தையாருக்கு ஏர்க்கொழு அடித்துக் கொடுத்தது அப்பட்டடையாம். அவ்விடத்தைக் கொத்தினால் இன்னும் கிட்டம் அகப்படுமோ என்று கேட்டான், அகப்படும் என்றோம். சங்கிலி இன்னும் அடைவிலேதான் இருக்கின்றது.